மடக்கிக் காட்டு, மாரிசெல்வி!

அத்தியாயம் பதினொன்று

மாரிசெல்வியின் கை வீங்கியதற்கு வேறு யார் மேலும் பழி போட முடியாது. அவளுடைய சுறுசுறுப்புதான் காரணம்.

தையல் போட்ட விரல்களை மணிக்குப் பத்துத் தடவை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார்கள். மாரிசெல்வி கம்பெனியில் மெஷின் லைனில் வேலை பார்த்த பெண். அங்கே டார்கெட் என்று ஒன்றைச் சொன்னால், அதைத் தாண்டிக் காட்டுகிறவளுக்குத்தான் மரியாதை. பத்து என்று சொன்னதை இவள் நாற்பதாகச் செய்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு சுற்று, சீரியல் பார்க்கும்போது ஒரு சுற்று. வெட்டுப்பட்ட விரலை ஓ.டி. பார்க்க வைத்த முதல் ஆள் ஒரகடம் வட்டாரத்தில் இவளாகத்தான் இருப்பாள். விரல் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பன் மாதிரி உப்பிவிட்டது.

அதைப் பார்த்த அம்மா செல்லக்கனி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, ஆஸ்பத்திரியில் கைக்குத் தாங்கலாக மாட்டிவிட்ட ஸ்பிளின்ட் பட்டையோடு விரல்களையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“அசையாம கெடந்தாத்தான் ஒட்டும். பச்சைப் புண்ணை ஆட்டிக்கிட்டே இருந்தா வெளங்குமா?”

உள்ளே தைத்தது அறுந்தே போயிருக்குமோ என்ற பயத்தில் மாரிசெல்வியும் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. விரல்தான் தன்னுடையது மாதிரியே இல்லை.

நான்கு வாரத்துக்கு முன்னால் பிரஸ் மெஷினில் நடந்தது அது. கதவைத் திறந்ததும் தானாக நின்றுவிட வேண்டிய மெஷின் அன்றைக்கு நிற்கவில்லை. தகட்டின் விளிம்பு வலது கை நடுவிரலையும் மோதிர விரலையும் குறுக்கே அறுத்துவிட்டது. விரலைக் கயிறு மாதிரி இழுத்து மடக்குகிற டெண்டன் இரண்டிலும் துண்டாகிப் போனது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ‘மெஷின் நிக்கலை’ என்று அவள் சொன்னதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘பதட்டத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும் மருமவளே’ என்று தட்டிக்கொடுத்து முடித்துவிட்டார் தளவாய் மாமா. கான்ட்ராக்ட் ஆட்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் அவர். சொந்த ஊர்க்காரர். மாரிசெல்வியையும் அவள் அண்ணன் இசக்கிபாண்டியையும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வல்லம் வடகாலுக்குக் கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதனால் அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கிடையாது என்றால், இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் கிடையாது.

காலையில் செல்லக்கனி தன் சுருக்குப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாடா அறுந்து போனதென்று நேற்று ஊசியும் நூலுமாக உட்கார்ந்து தைத்தாள். தைத்ததிலிருந்து பை வாயைத் திறந்துகொண்டே கிடக்கிறது. இழுத்தால் மூட மாட்டேன் என்கிறது.

“சனியன், நல்லாத்தானே தச்சேன். என்ன கேடு வந்துச்சு இதுக்கு?” என்று அதைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இசக்கிபாண்டி நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தான்.

முப்பது வயது. தங்கை வேலை பார்க்கிற அதே கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறான். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட். அப்பா செத்த வருஷம் தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையைப் படிக்க வைத்தவன். கனிஷ்கா என்று ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறார்கள். அவனுக்கும் பிடித்திருக்கிறது, அவளுக்கும் பிடித்திருக்கிறது. பெண்ணின் அப்பா மட்டும் ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: ‘மாப்பிள்ளைக்கு பெர்மனென்ட் ஆயிட்டா?’

பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“சாயங்காலம் தளவாய் மாமா வாராரு. எச்.ஆர். சாம்சன் சாரும் கூட வாராராம். ஒன் கையைப் பார்க்கணுமாம்.”

“பார்க்கட்டும்.”

“பார்க்கும்போது... நீ மடக்கிக் காட்ட வேண்டாம்.”

மாரிசெல்விக்கு முதலில் புரியவில்லை. “ஏன், வீங்கிரும்னா?”

“அதில்லட்டி.” அவன் தலையைச் சொறிந்தான். “கை இனி வெளங்காதுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா, வீட்டுல ஒரு ஆளுக்கு பெர்மனென்ட் குடுப்பாகளாம். மாமா மேல வரைக்கும் பேசி முடிச்சிட்டாராம். கை சரியாயிட்டுன்னா ஒண்ணும் கெடையாது. நீ பழைய எடத்துக்குப் போவே. நான் பழைய எடத்துல கெடப்பேன்.”

செல்லக்கனி சுருக்குப்பையை மடியில் வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப என் விரல் வெளங்காம போனா ஒனக்கு வேலை. அதான?” என்றாள் மாரிசெல்வி.

“நான் அப்படியா சொன்னேன்? இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் கேக்கேன். அவுக போனப்புறம் நீ மடக்கு, நீட்டு, யாரு தடுக்கப்போறா?”

“இன்னைக்கு மடங்கலைன்னு பார்த்துட்டுப் போனவுக, நாளைக்கு மடங்குதுன்னா சும்மா இருப்பாகளா? இந்தத் தெருவுல பாதிப் பேரு மாமா கொண்டுவந்த ஆளுக. நான் காலத்துக்கும் கையை விறைச்சுக்கிட்டுத்தான் திரியணும்.”

“செல்வி...”

“நீ ஒண்ணு பண்ணுண்ணே. சுத்தி வளைக்காம வாயைத் திறந்து கேளு. ‘செல்வி, ஒன் விரலை எனக்குக் குடு’ன்னு கேளு. கேட்டா குடுத்துருதேன்.”

இசக்கிபாண்டி அதைக் கேட்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? கொடுத்திருப்பாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறை கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் எழிலரசி மணிமங்கலத்துப் பெண். மாரிசெல்வியை விட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் கோபம் வந்தால் தலைமை டாக்டரையே வாசலில் நிறுத்தி வைத்துவிடுவாள் என்று பேர். அம்மாவோடு வந்து நின்ற மாரிசெல்வியின் கையைப் பார்த்ததும் அந்தக் கோபம் வந்தது.

“இன்னாமா இது? பொட்டலம் கட்டிகினு வந்துகீற?”

“வீங்கிருச்சு மேடம். அதான் அம்மா...”

“எத்தினி நாளா கட்டி வெச்சிருக்கீங்க?”

சொன்னார்கள். எழிலரசி கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினாள். ஸ்பிளின்ட் கைக்குப் பின்பக்கத்தில் அப்படியே இருந்தது. முன்பக்கம், உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு ஏறிப் போகிற தழும்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு மோதிர விரலை மெல்ல மடக்கி, “இப்ப நீயா லேசா இழு” என்றாள்.

மாரிசெல்வி இழுத்தாள். விரல் வரவில்லை. தழும்பு இருந்த இடத்தில் தோல்தான் உள்ளே குழிந்தது.

“பாத்தியா? டெண்டன இழுத்தா தோலு கூட வருது. ஒட்டிகினு கீது.”

“ஒட்டணும்னுதானம்மா தச்சது?” என்றாள் செல்லக்கனி. அவள் கேட்டதில் குதர்க்கம் எதுவும் இல்லை. நான்கு நாளாக அந்த நம்பிக்கையில்தான் மகளின் கையைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டாள்.

“எதுகூட எது ஒட்டணும், அத்த சொல்லுங்க.” எழிலரசி முறைத்தாள். “அறுந்த முனையும் முனையும் ஒட்டணும். அது கரெக்டு. ஆனா அந்த டெண்டன் ஒரு குழாய்க்குள்ள ஓடுது. அந்தக் குழாயோட ஒட்டக் கூடாது. ஆடாம வெச்சிங்கன்னா, ஆறுற புண்ணுக்கு எது டெண்டன், எது குழாய்னு தெரியாது. எல்லாத்தையும் சேத்து ஒரே தழும்பா புடிச்சிகினு உக்காந்துக்கும். தச்சது தச்ச மாதிரியே நிக்கும். விரல் மட்டும் ஜென்மத்துக்கும் மடங்காது.”

செல்லக்கனி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவினாள். நாடாவை இழுத்தாள். பை மூடவில்லை. நாடா ஓடுகிற மடிப்பைத் திருப்பி, நேற்றுத் தான் போட்ட தையலை வெளிச்சத்தில் பார்த்தாள். நூல் நாடாவை மட்டும் பிடிக்கவில்லை. மடிப்புத் துணியையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

“இந்தக் கூத்துதானா?” என்று எழிலரசியிடம் நீட்டினாள்.

எழிலரசி வாங்கிப் பார்த்தாள். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “இதேதான்மா. டாக்டருங்க படம் போட்டு சொல்றத நீங்க பையில வெச்சிகினு வந்துகீறீங்க.”

செல்லக்கனி சிரிக்கவில்லை. மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“உனக்கும் இருக்கு,” என்று எழிலரசி மாரிசெல்வி பக்கம் திரும்பினாள். “நாப்பது தடவ யாரு பண்ண சொன்னது? இது இன்னா உங்க கம்பெனியா, ஜாஸ்தி பண்ணா கைதட்றதுக்கு? அளவுக்கு மேல பண்ணா அறுந்துரும். பண்ணாம வுட்டா ஒட்டிரும். பத்துன்னா பத்துதான்.”

“இனி சரியாகுமா மேடம்?”

“இப்ப தழும்பு இளசாத்தான் கீது. இந்த ரெண்டு வாரத்த வுட்டுட்டன்னா, அப்பால மறுபடி கத்தி வெச்சுத்தான் பிரிக்கணும். அதுவும் முழுசா வரும்னு நா சொல்ல மாட்டேன்.”

புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தாள். இடது கையால் விரல்களை மெதுவாக மடக்க வேண்டும். பிறகு இடது கையை எடுத்துவிட்டு, மடங்கின விரல் அந்த இடத்திலேயே நிற்கும்படி, சொந்த பலத்தில், லேசாகப் பிடிக்க வேண்டும். மாரிசெல்வி செய்தாள். நடுவிரல் நின்றது. மோதிர விரல் கையை எடுத்த உடனே வழுக்கிக்கொண்டு நீண்டுவிட்டது.

“நிக்கலையே.”

“நாலு நாளு கட்டி வெச்சா எப்டி நிக்கும்? நிக்கும். வூட்ல யாராவது கூட உக்காந்து பொறுமையா மடக்கி வுட்டா இன்னும் நல்லது. நகத்து மேல வெரல வெச்சு, பூவ தொடுற மாதிரி.”

கிளம்பும்போது மாரிசெல்வி வாசலில் நின்றாள். “மேடம், வேற ஆளுங்க முன்னால மடக்கிக் காட்டினா தப்பில்லையே?”

“ஊரையே கூட்டி வெச்சு மடக்கு. ஆனா எதையும் தூக்கிக் காட்டாத. அதப் புடி, இதத் தூக்குன்னு எவனாச்சும் சொன்னா எனக்கு போன போடு. நா பேசிக்கிறேன்.”

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் செல்லக்கனி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஊக்கின் நுனியால் சுருக்குப்பைத் தையலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் உரசிக்கொண்டு போயின.

“நான் கட்டினதுதாம்ட்டி கேடு,” என்றாள் கடைசியில். கண் நிறைந்திருந்தது.

“நான் ஆட்டினதும் கேடுதாம்மா. அதை விடு. சாயங்காலம் நீ யாரு பக்கம்?”

“ரெண்டும் நான் பெத்ததுல்லா. என்னைப் போயி யாரு பக்கம்னு கேக்கியே.”

“சொல்லும்மா.”

“அவனுக்குக் கல்யாணம் ஆகணும்ட்டி.” பிரித்த நூலை ஊதித் தள்ளினாள். “ஒனக்குக் கை வேணும். எனக்கு ஒண்ணும் வெளங்கலை.”

அம்மாவிடமிருந்து அதற்கு மேல் எதுவும் கிடைக்காது என்று மாரிசெல்விக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

மத்தியானம் முழுக்க அவள் கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காகப் பத்துத் தடவை செய்தாள். பதினொன்று செய்யச் சொல்லிக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் நடுவிரல் நின்றது. ஒவ்வொரு தடவையும் மோதிர விரல் ஏமாற்றியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த இசக்கிபாண்டி தூங்கவில்லை என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது.

ஒரு எண்ணம் வந்து வந்து போனது. சாயங்காலம் அவள் பொய் சொல்லவே வேண்டியதில்லை. மோதிர விரல் வழுக்கட்டும் என்று விட்டுவிட்டால் போதும். அண்ணன் கல்யாணம் நடந்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை.

அப்புறம் ஒவ்வொரு நாளும் சோற்றை எப்படிப் பிசைவது? சடையை எப்படிப் பின்னுவது? லைனில் நூறு பேருக்கு நடுவில் ‘செல்வி கை வச்சா ரிஜெக்ஷனே வராது’ என்று பேர் வாங்கிய கை இது. இதை ஒருத்தர் வாய்ப்பேச்சுக்கு விட்டுக்கொடுப்பதா? முடியாது என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அடுப்படியிலிருந்து செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். இசக்கிபாண்டி திரும்பவில்லை.

ஐந்தரை மணிக்குத் தளவாயின் புல்லட் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. பின்னாலேயே எச்.ஆர். சாம்சனின் காரும் வந்தது.

சாம்சன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துக் களைத்த முகம், கழுத்தில் கம்பெனி அட்டை. தளவாய் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பாவம் சார், சின்னப் புள்ளை. கை இப்படிக் கட்டையாப் போச்சு. விரல் ரெண்டும் அசையவே இல்லை. நான் தெனமும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றார் தளவாய்.

அவர் இந்த வீட்டுப் படி ஏறி மூன்று வாரமாகிறது.

“கொஞ்சம் காட்டுங்கம்மா, பார்க்கலாம்,” என்றார் சாம்சன்.

“எதுக்கு சார் அதைச் சிரமப்படுத்திக்கிட்டு? பார்த்தா அதுவே அழுதுரும்.”

“நான் ஏன் மாமா அழப்போறேன்? விரல் மடங்கும். பாருங்க.”

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். இருந்தாலும் ஸ்பிளின்ட் மாட்டிய கையை மடியில் வைத்தாள். இடது கையால் இரண்டு விரல்களையும் மெதுவாக, உள்ளங்கையை நோக்கி மடக்கினாள். பிறகு இடது கையை எடுத்தாள்.

நடுவிரல் நின்றது.

மோதிர விரல் வழுக்கியது. தளவாய் சாம்சன் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

“பொறுங்க மாமா, இன்னும் முடியலை.”

மறுபடியும் மடக்கினாள். மறுபடியும் விட்டாள். வழுக்கியது. மூன்றாவது தடவை கையை எடுத்தபோது மோதிர விரல் நீளத் தொடங்கி, பாதி வழியில் தயங்கியது. தழும்பு குழிந்தது. விரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அங்கேயே நின்றது.

“எண்ணும்மா!” என்றாள் மாரிசெல்வி. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

செல்லக்கனி எண்ணியது தெருவுக்கே கேட்டது.

“ஒண்ணு... ரெண்டு... மூணு... எய்யா பாண்டி, பாருய்யா, ஓடுது! நாடா ஓடுது!”

சாம்சனுக்கு நாடா எதுவென்று புரிந்திருக்காது. ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்து குனிந்து பார்த்தார். “பரவாயில்லையே,” என்றார்.

தளவாய் எழுந்துவிட்டார். “இதை ஒரு அசைவுன்னு சொல்லலாமா சார்? பாதியில நிக்கு. லைன் வேலைக்கு இந்தக் கை ஆகுமா? இப்பவே பார்த்துருவோம்.” ஜன்னலோரம் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். தளும்பத் தளும்பத் தண்ணீர். “இந்தா மருமவளே, இதைத் தூக்கு.”

“தூக்க மாட்டேன்.”

“சார், பார்த்தீகளா?”

“தூக்கினா உள்ள தச்சது அறுந்துரும். தூக்கச் சொன்னா போன் பண்ணச் சொல்லியிருக்காக பிசியோ மேடம். போடட்டுமா?”

“அட, ஒரு சொம்புத் தண்ணிட்டி. பிடி!” தளவாய் அவளுடைய மடங்கின விரல்களுக்கு நடுவில் சொம்பின் கழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். மாரிசெல்வி கையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நொடி சொம்பு அவர் கையில் இல்லை. இசக்கிபாண்டி வாசலிலிருந்து எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. பாதித் தண்ணீர் கட்டிலில் கொட்டியிருந்தது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தங்கைக்கு முன்னால் நின்றான்.

“வேண்டாம் மாமா.”

“எலே, நான் யாருக்காவ பேசுதேன்? ஒனக்காவத்தானல?”

“எனக்காவ வேண்டாம்.” ஆறு வருஷத்தில் தளவாயை எதிர்த்து அவன் சொல்கிற முதல் சொல் அது. பிறகு சாம்சன் பக்கம் திரும்பினான். “சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் தங்கச்சி கை வெளங்காம போனா எனக்கு பெர்மனென்ட் தாரதா கம்பெனில பேச்சு உண்டா?”

சாம்சன் அவனையும் தளவாயையும் மாறி மாறிப் பார்த்தார். “எந்தப் பேச்சு? அப்படி எதுவும் இல்லையே. கை எப்படி இருக்கு, எப்போ வேலைக்கு வருவாங்கன்னு கேட்கத்தான் நான் வந்தேன். தளவாய்தான் நேத்து வந்து, ‘அந்தப் பொண்ணால இனி முடியாது சார், ஊருக்கு அனுப்பி வெச்சிடலாம்’னு சொன்னாரு.”

இசக்கிபாண்டியின் முகத்தில் அப்போது ஓடியதைப் பார்க்க மாரிசெல்விக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னவர் மேல் வந்த கோபத்தை விட, அதை நம்பித் தங்கையிடம் வந்து நின்றோமே என்கிற வெட்கம்தான் அதில் அதிகம்.

“அது... மேல ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன் சார். உங்க காதுக்கு இன்னும் வரலை,” என்று சிரித்தார் தளவாய். அந்தச் சிரிப்புக்கு யாரும் துணை சேரவில்லை.

“சார்,” என்றாள் மாரிசெல்வி. “விரல் மடங்குதுன்னு நீங்க கண்ணால பார்த்துட்டீக. டாக்டர் சொல்ற அன்னைக்கு நான் லைனுக்கு வருவேன். ஊருக்கெல்லாம் போக மாட்டேன். வேற எடம் மாத்திக் குடுத்தாலும் வேண்டாம். அதே மெஷினுக்குத்தான் வருவேன்.”

“அதே மெஷினுக்கா?” என்று கேட்டது சாம்சன் இல்லை. தளவாய்.

“ஆமா மாமா. அந்தக் கதவு மெஷினை ஏன் நிறுத்தலைன்னு எனக்குப் பார்க்கணும்.”

தளவாய் வாசலுக்குப் போனார். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றி, சரியாக மாட்டிக்கொண்டு இறங்கினார். செல்லக்கனி கொண்டுவந்து வைத்த டீயைச் சாம்சன் குடித்து முடித்து, “பார்த்துக்கோங்கம்மா, அவசரப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செல்லக்கனி நனைந்த விரிப்பை உருவிப் பிழிந்தாள். சுருக்குப்பையின் நாடாவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சுருக்கென்று மூடிக்கொண்டது.

இசக்கிபாண்டி தங்கைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“எப்படிப் பிடிக்கணும்? காட்டு.”

“நீ எதுக்கு? நானே பண்ணிக்கிடுவேன்.”

“காட்டுட்டி.” அவன் கண் சிவந்திருந்தது. “கனிஷ்கா வீட்டுக்கு நாளைக்கு நானே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிருதேன். கான்ட்ராக்ட்தான், இஷ்டம்னா குடுங்கன்னு. காலையில நான் ஒன்கிட்ட கேட்டது... அதை நெனைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.”

“நீ கேக்கலைண்ணே. கேளுன்னு நான் சொன்னேன், ஒன்னால கேக்க முடியலை. எனக்கு அது போதும்.” அவள் கையை நீட்டினாள். “நகத்து மேல வை. பைய. லோடு ஏத்துற மாதிரி அமுக்காதே.”

ஸ்டோரில் பெட்டி பெட்டியாகத் தூக்கிக் காய்த்துப்போன விரல். அது அவளுடைய மோதிர விரலின் நகத்தில் மெல்லப் பட்டது. மடக்கினான். விட்டான். விரல் பாதியில் நின்றது. மறுபடி மடக்கினான். அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

அவர்களுடைய அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் தெரு. சாம்சனின் கார் போய்விட்டது. புல்லட் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. தளவாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார். அவர் மெதுவாகப் பேசினாலே மாடிக்குக் கேட்கும்.

“காரியம் கெட்டுப் போச்சு அண்ணாச்சி... ஆமா, விரல் மடங்குது. நான் என்ன பண்ண?... ஊருக்குப் போக மாட்டாளாம். அதே மெஷினுக்கு வருவேன்னு சாம்சன் சார் முன்னாலயே சொல்லிட்டா... ஆமா, கதவு சமாச்சாரம் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான்... நான் பார்த்துக்கிடுதேன். அண்ணங்காரன் ஸ்டோர்ல நம்ம கைக்குள்ளதானே கெடக்கான். நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கேன்.”

புல்லட் உதைபட்டுக் கிளம்பியது.

செல்லக்கனி பிழிந்த விரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். இசக்கிபாண்டியின் விரல் தங்கையின் நகத்தின் மேல், பாதி மடக்கியபடி உறைந்துபோயிருந்தது. அந்த மெஷின் அன்றைக்கு நிற்காமல் போனது தற்செயல் இல்லை. யாரோ நிற்கவிடாமல் செய்து வைத்திருக்கிறார்கள். தன் விரல் ஏன் மடங்கவே கூடாது என்று தளவாய் மாமா நினைத்தார் என்பது மாரிசெல்விக்கு இப்போது விளங்கியது: அவள் ஊருக்குப் போய்விட்டால் கதவைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது.

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை. நான்கு வாரமாகத் தான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததில் நெஞ்சு நிமிர்ந்தது.

“ஏண்ணே நிறுத்திட்டே?” என்றாள். “ஏழுதான் ஆயிருக்கு. இன்னும் மூணு இருக்கு. மடக்கு. நான் திரும்பிப் போகணும்லா.”